சிரமத்துக்கு வருந்துகிறோம்! – கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதி, கவரைப் பிரித்ததும் தூசி கொட்டுகிற ரகம். ஆகவே சினிமாவும் அரசியலும் அடுத்த இதழுக்குத் தள்ளிவைக்கப்படுகின்றன. இது சாலை ஸ்பெஷல். ஹெல்மெட் போட்டுக்கொண்டு படிக்கவும்.

கேள்வி: துறைமுகம் – மதுரவாயல் பறக்கும் சாலைத் தூண்களைப் பார்த்துக்கொண்டே கல்லூரிக்குப் போனேன். இப்போது என் பையன் பள்ளிக்குப் போகிறான். எப்போதுதான் திறப்பார்கள்? – ஒரு வாசகர், மதுரவாயல்

தேதியா? அடிக்கல்லுக்கே இரண்டு தேதி உள்ள சாலை ஐயா இது! 2009 ஜனவரியில் அன்றைய பிரதமர் மன்மோகன் சிங் முதல் கல்லை நாட்டினார். 2010ல் வேலை ஆரம்பித்தது. தூண்கள் கூவம் ஆற்றின் ஓட்டத்தை மறிக்கின்றன என்று 2012ல் மாநில அரசு நிறுத்தியது. கேஸ் போனது. 2014ல் உயர் நீதிமன்றம் வேலையைத் தொடரலாம் என்றது. தீர்ப்பு வந்துவிட்டால் கான்கிரீட் தானாக வந்து கொட்டிக்கொள்ளுமா? தூண்கள் நின்றது நின்றபடி நின்றன. திட்டத்தை ஈரடுக்காக மாற்றி 2022 மே மாதம் பிரதமர் மோடி இரண்டாவது கல்லை நாட்டினார்.

நீளம் பெரிதாக மாறவில்லை. அன்றும் இன்றும் இருபது கிலோமீட்டர் சுமார். மதிப்பீடுதான் 1,800 கோடி ரூபாய்க்குப் பக்கத்தில் இருந்தது 5,500 கோடியைத் தாண்டிவிட்டது. அடுக்கு ஒன்று கூடியதால் பாதி, ஆண்டுகள் கூடியதால் மீதி என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் இடைப்பட்ட காலத்தில் நீங்களும் உங்கள் அக்கம்பக்கத்தாரும் கன்டெய்னர் லாரிக்குப் பின்னால் நின்று எரித்த பெட்ரோல் இருக்கிறதே, அது எந்த மதிப்பீட்டிலும் வராது. சாலை திறந்த பிறகு கிடைக்கப்போகும் லாபத்தைக் கூட்டிக் காட்டுகிறவர்கள், கட்டி முடிக்கும்வரை ஊர் படும் நஷ்டத்தையும் அதே தாளில் எழுத வேண்டும் என்பது என் பழைய வாதம். இந்த இதழ் முழுக்க அதையே மாற்றி மாற்றிச் சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஒரு மாடி பத்தாதா சார்? எதுக்கு ரெண்டு? – ஆட்டோ ஓட்டுநர், அமைந்தகரை

சவாரி இரண்டு வகை அண்ணே. மேல் அடுக்கு துறைமுகத்து லாரிகளுக்கு. ஏறினால் மதுரவாயல் பக்கம் போய்த்தான் இறக்கம். கீழ் அடுக்கு கோயம்பேட்டுக்கும் நேப்பியர் பாலத்துக்கும் நடுவே ஓடும் ஊர் வண்டிகளுக்கு. அங்கங்கே ஏறலாம், இறங்கலாம். பகலில் நகருக்குள் கனரக வண்டிகளுக்குத் தடை இருக்கிறது. கப்பலோ ராத்திரி பகல் பார்த்து வருவதில்லை. அதனால் எண்ணூர் பக்கம் கன்டெய்னர் லாரிகள் வாலைப் பிடித்தபடி நிற்கும் காட்சியைப் பார்க்காத வடசென்னைக்காரர் கிடையாது. லாரிகளை மேலே தூக்கிவிட்டால் அந்த வரிசை கரையும்.

எனக்கு மேல் மாடியைப் பற்றிக் கவலை இல்லை. நடுவில் அதற்கு யாரோடும் பேச்சுவார்த்தை கிடையாது. கீழ் மாடிதான் விவகாரம். ஒவ்வொரு ராம்ப்பும் வந்து இறங்கும் இடத்தில் ஏற்கெனவே ஒரு சிக்னல், ஒரு பஸ் ஸ்டாப், ஒரு டீக்கடை, உங்களைப் போல ஒரு ஸ்டாண்டு இருக்கிறது. மேலிருந்து நாற்பதில் வரும் வண்டி கீழே நாலில் ஊரும் கூட்டத்தில் சேர வேண்டும். ராம்ப் எங்கெங்கே வருகிறது என்ற வரைபடத்தை ஒரு தரம் விசாரித்துப் பார்த்துவிடுங்கள். உங்கள் ஸ்டாண்டின் ஜாதகம் அதில்தான் இருக்கிறது.

கேள்வி: புதுச் சாலை திறந்தால் நெரிசல் குறையுமா? ஒரு வார்த்தையில் பதில் வேண்டும். – இல்லத்தரசி, அண்ணா நகர்

முதலில்.

கேள்வி: ‘முதலில்’ என்றால்? அப்புறம்? (மேலே உள்ள கேள்வியை அவர் என் பக்கத்தில் உட்கார்ந்துதான் எழுதினார்.) – அவருடைய கணவர், அதே முகவரி

வீட்டில் ஒற்றுமை வாழ்க! அப்புறம் நடப்பது இதுதான். சாலை காலியாக இருப்பது தெரிந்ததும், இதுவரை ஏழு மணிக்கே கிளம்பியவர் எட்டரைக்குக் கிளம்புவார். ரயிலில் போனவர் காரை எடுப்பார். ஊருக்கு வெளியே மனை வாங்கத் தயங்கியவர் ‘இருபதே நிமிஷம்’ விளம்பரத்தைப் பார்த்து முன்பணம் கொடுப்பார். கொஞ்ச காலத்தில் சாலை நிரம்பிவிடும்.

இது என் வயிற்றெரிச்சல் அல்ல. கில்ஸ் டுராண்டன், மேத்யூ டர்னர் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் அமெரிக்க நகரங்களின் நெடுஞ்சாலைகளை ஆராய்ந்து 2011ல் வெளியிட்ட முடிவு: சாலை நீளம் எந்த விகிதத்தில் கூடுகிறதோ ஏறக்குறைய அதே விகிதத்தில் வண்டி ஓட்டமும் கூடுகிறது. அதற்காகச் சாலையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதிகம் பேர் பயணம் செய்கிறார்கள், அதிகம் சரக்கு நகர்கிறது, அதுவும் லாபம்தான். ‘நெரிசல் தீரும்’ என்று மட்டும் பேனர் வைக்காதீர்கள் என்கிறேன்.

கேள்வி: சாலைப் பணிகளில் மிக வேகமாக நடப்பது எது? – ஓய்வுபெற்ற ஆசிரியர், செங்கல்பட்டு

யார் பெயரை வைப்பது என்ற சர்ச்சை.

கேள்வி: என் கடை வாசலை ஒட்டி மெட்ரோ தடுப்பு வைத்து வருஷக்கணக்காகிறது. பாதி வாடிக்கையாளர்கள் கடை மூடிவிட்டது என்றே நினைத்துவிட்டார்கள். வாடகை மட்டும் மாதம் தவறாமல் போகிறது. ‘வளர்ச்சிக்காகப் பொறுத்துக்கொள்ளுங்கள்’ என்கிறார்கள். யாருடைய வளர்ச்சி? – கடைக்காரர், ஆற்காடு சாலை

அண்ணாச்சி, உங்கள் கடிதத்துக்கு நக்கலாகப் பதில் எழுத மனசு வரவில்லை.

உங்கள் சாலையில் நடப்பது சாதாரண வேலை இல்லை. மெட்ரோ இரண்டாம் கட்டம் மொத்தம் 118.9 கிலோமீட்டர், மூன்று வழித்தடங்கள், 63,246 கோடி ரூபாய். அதில் இரண்டு வழித்தடங்கள் உங்கள் பக்கத்தில் சில கிலோமீட்டருக்கு ஒரே தூணில், ஒன்றன்மேல் ஒன்றாகப் போகின்றன. ஏற்கெனவே மூச்சுமுட்டிய சாலை அது. நடுவில் தகரம் அடித்து எடுத்துக்கொண்டது போக மிச்சம் உள்ளதில் பஸ், வேன், பைக், தண்ணீர் லாரி எல்லாம். வண்டியை ஓரம் கட்ட ஒரு முழம் இடமில்லாத தெருவில் யார் நின்று சாமான் வாங்குவார்கள்? தகரத்துக்கும் உங்கள் படிக்கும் நடுவே உள்ள சந்தில் ஒரு பைக் நின்றால், குடையோடு வரும் அம்மா திரும்பிப் போய்விடுவார். மறுநாள் அடுத்த தெருக் கடையில் கணக்கு வைத்துக்கொள்வார். மெட்ரோ ஓட ஆரம்பித்தாலும் அந்த அம்மா திரும்பி வருவார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

நிலத்தை எடுத்தால் இழப்பீடு கேட்க 2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தும் சட்டம் இருக்கிறது. வியாபாரத்தை மட்டும் எடுத்தால் கேட்கும் வழி ரொம்பக் குறுகல். அதுவும் வாடகைக் கடைக்காரர் என்றால் கேட்கவே வேண்டாம். பல்லாயிரம் கோடித் திட்டத்தில், வேலை நடக்கும் வருஷங்களுக்குக் கடைக்காரர்களுக்கு ஒரு தொகை, கட்டட வரியில் ஒரு தள்ளுபடி, தகரத்தின் மேல் ‘உள்ளே கடைகள் உண்டு’ என்று பெயரோடு அம்புக்குறி போட்ட பலகை – இவற்றுக்கு ஆகும் செலவு சில்லறைதான். சில்லறை என்பதால்தான் யாருக்கும் நினைவு வருவதில்லையோ என்னவோ. சங்கமாகப் போய் முதலில் பலகையைக் கேளுங்கள். மறுக்கக் காரணம் சொல்ல முடியாத கோரிக்கை அது. மற்றதை அப்புறம் கேட்கலாம்.

கேள்வி: ‘டேக் டைவர்ஷன்’ பலகையை டைவர்ஷனுக்கு உள்ளேயே வைக்கிறார்களே, இதற்கெல்லாம் விதி கிடையாதா? – பைக் பயணி, பள்ளிக்கரணை

விதியா இல்லை? இந்தியச் சாலைகள் காங்கிரஸ் எஸ்.பி. 55 என்று ஒரு வழிகாட்டியே போட்டிருக்கிறது. சாலைப் பணி நடக்கும் இடத்தை நான்கு பகுதியாகப் பிரிக்கிறது: முன்கூட்டியே எச்சரிக்கும் பகுதி, வண்டிகளை மெல்ல ஒதுக்கும் பகுதி, வேலை நடக்கும் பகுதி, பழைய தடத்துக்குத் திருப்பி அனுப்பும் பகுதி. நம் ஊரில் மூன்றாவது மட்டும் குறைவில்லாமல் இருக்கும். முதலாவது, மணல் மூட்டையின் மேல் சாய்ந்து கிடக்கும்.

கேள்வி: தடுப்புக்கு முன்னால் இரண்டு தடம் ஒன்றாகும் இடத்தில், நான் ஒழுங்காக ஒரே வரிசையில் நிற்கிறேன். சிலர் காலியான தடத்தில் கடைசிவரை போய் நுழைகிறார்கள். அவர்களைத் திட்டலாமா? – ஐ.டி. ஊழியர், பெருங்குடி

திட்டாதீர்கள். கூட்டம் அதிகமாக உள்ள நேரத்தில் அவர் செய்வதுதான் சரி! இரண்டு தடத்தையும் கடைசிவரை நிரப்பிவிட்டு, குறுகும் இடத்தில் இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று என்று மாறி மாறி நுழைந்தால் வரிசையின் நீளம் பாதியாகும். பின்னால் உள்ள சந்திப்பும் அடைபடாது. ஜெர்மனியில் அப்படித்தான் நுழைய வேண்டும் என்று போக்குவரத்துச் சட்டமே இருக்கிறது. ஒரே நிபந்தனை, ஒருவருக்கு ஒருவர் என்ற முறை. நம் ஊரில் ஒருவர் விட்டால் பின்னாலேயே ஒன்பது பைக் வருகிறது, அது வேறு கதை.

கேள்வி: வேலையும் இல்லை, விபத்தும் இல்லை, சிக்னலும் இல்லை. ஆனாலும் பைபாஸில் வண்டிகள் நின்று நின்று போகின்றன. பேய் பிசாசா? – ஒரு வாசகி, போரூர்

பேய்தான், ஆனால் ஜப்பானியர்கள் அதைப் பிடித்துக் காட்டிவிட்டார்கள். 2008ல் யூகி சுகியாமா என்ற விஞ்ஞானியும் சகாக்களும் 230 மீட்டர் சுற்றளவுள்ள ஒரு வட்டப் பாதையில் 22 கார்களை விட்டு, சீராக ஓட்டச் சொன்னார்கள். தடை ஒன்றும் வைக்கவில்லை. கொஞ்ச நேரம் அழகாகச் சுற்றினார்கள். அப்புறம் யாரோ ஒருவர் இம்மி வேகம் குறைக்க, பின்னால் வந்தவர் இன்னும் கொஞ்சம் பிரேக் போட, அவருக்குப் பின்னால் வந்தவர் நின்றே விட்டார். அந்த நிற்கும் அலை மணிக்கு இருபது கிலோமீட்டர் வேகத்தில் பின்னோக்கி ஓடியது. அலையை ஆரம்பித்தவர் முன்னால் ஜாலியாகப் போய்க்கொண்டிருந்தார்.

பைபாஸில் எங்கோ ஒருவர் ஓடும் காரை மெதுவாக்கிப் பாலம் கட்டுவதை வேடிக்கை பார்த்திருப்பார். நீங்கள் நிற்பது அவருடைய வேடிக்கையில்.

கேள்வி: தார் போட்டு வாசனை போவதற்குள் தோண்டிவிடுகிறார்களே, இதற்கு ஒரு முடிவே இல்லையா? – குடியிருப்போர் நலச்சங்கப் பொருளாளர், மேற்கு மாம்பலம்

தார் போடுபவர் மாநகராட்சி. அடியில் குழாய் குடிநீர் வாரியத்துடையது, கேபிள் மின்வாரியத்துடையது, இன்டர்நெட் கம்பி நாலைந்து கம்பெனிகளுடையது. மேலே உள்ளவருக்குத் தெரியாமல் கீழே உள்ளவர் வாழ்கிறார். வடகிழக்குப் பருவமழை சமயத்தில் சாலை வெட்டக் கூடாது என்று சென்னை மாநகராட்சி ஆண்டுதோறும் தடை போடும். ஆகவே தடை வருவதற்கு முன்னால் எல்லோரும் சேர்ந்து வெட்டுவார்கள்.

வெட்டுவது கூடப் பரவாயில்லை. மூடுவதைப் பாருங்கள்! அடுக்கடுக்காக மண்ணைப் போட்டு, தண்ணீர் தெளித்து, இடித்து இறுக்க வேண்டும். நடப்பதோ, தோண்டிய மண்ணை அப்படியே தள்ளி மேலே கொஞ்சம் ஜல்லி. முதல் மழையில் மண் அமர்ந்துவிடும். சாலையில் ஒரு வாய்க்கால் மிஞ்சும். தீர்வு பழையதுதான்: சாலை போடும்போதே ஓரத்தில் குழாய்க்கும் கேபிளுக்கும் தனிப் பாதை வைத்து, மேன்ஹோல் வழியே வேலை பார்ப்பது. புதிதாகப் போடும் சாலைகளிலாவது இதைச் செய்யாமல் விட்டால் அது மறதி அல்ல, கொள்கை என்றே கொள்ள வேண்டும்.

கேள்வி: நான்கு படி ஏறி நுழைந்த என் வீட்டுக்குள் இப்போது இறங்கித்தான் போகிறேன். வீடு இறங்கியதா, சாலை ஏறியதா? – மூத்த குடிமகன், நங்கநல்லூர்

சாலை ஏறியது. பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் மேலே மேலே போட்ட புண்ணியம். சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று 2021ல் தமிழகத் தலைமைச் செயலர் உத்தரவே போட்டார். ‘மில்லிங்’ மெஷின் உங்கள் தெருவுக்கு வந்தால், பூசணிக்காய் சுற்றி வரவேற்று, எத்தனை சென்டிமீட்டர் எடுக்கிறார்கள் என்று பக்கத்திலேயே நின்று பாருங்கள். ஓய்வுபெற்றவர்களால் இந்த நாட்டுக்கு ஆகக்கூடிய தலைசிறந்த சேவை அது.

கேள்வி: 1973ல் ஜெமினி மேம்பாலத்தை 21 மாதத்தில் கட்டினார்கள். இன்றைய மெஷின்களை வைத்துக்கொண்டு ஏன் இத்தனை வருஷம்? – சரித்திர ஆர்வலர், மயிலாப்பூர்

கேள்வியில் நியாயம் இருக்கிறது, பாதி. அன்றைய மவுண்ட் ரோட்டில் போக்குவரத்தைத் திருப்பிவிட இடம் இருந்தது. பூமிக்கு அடியில் இத்தனை கம்பிகள் இல்லை. பாலமும் சின்னது. இன்று அதே சாலையில் தேனாம்பேட்டையிலிருந்து சைதாப்பேட்டை வரை 3.2 கிலோமீட்டர் உயர்மட்டச் சாலை கட்டுகிறார்கள். அடியில் மெட்ரோ சுரங்கத்தில் ரயில் ஓடிக்கொண்டிருக்கிறது! சுரங்கத்துக்கு வலிக்காமல் அடித்தளம் போட வேண்டும். பாரம் குறையட்டும் என்று மேல்கட்டுமானத்துக்கு இரும்பைத் தேர்ந்தெடுத்து, பாகங்களை வெளியே தயாரித்துக் கொண்டுவந்து பூட்டுகிறார்கள். சாலையில் நடக்கும் வேலை குறைந்தால் சாலையை மறிக்கும் நாளும் குறையும். அந்த யோசனையை மனமாரப் பாராட்டுகிறேன்.

மீதிப் பாதி நியாயம் உங்களுடையது. நிலம் கைக்கு வராமல், மின்கம்பம் மாற்றாமல், குழாய் நகர்த்தாமல் ஒப்பந்தப் புள்ளி கோரிவிட்டு, தூண் போடப்போகும் இடத்தில் போய் நின்றுகொண்டு ‘அடடா, இங்கே குழாய் இருக்கிறதே’ என்று ஆச்சரியப்படுவதற்கு மெஷின் பொறுப்பில்லை.

கேள்வி: தூணைக் கட்டிவிட்டு மாதக்கணக்கில் சும்மா விட்டுவிடுகிறார்களே, ஆள் ஓடிவிட்டார்களா? – பஸ் பயணி, கோயம்பேடு

சில சமயம் ஓடித்தான் போகிறார்கள். பல சமயம் வேலை வேறிடத்தில் நடக்கிறது. நீங்கள் பார்ப்பது கடைசிக் காட்சியை மட்டும். பூமிக்குள் பல மீட்டர் துளை போட்டு, மண் சரியாமலிருக்க பென்டோனைட் கலவையை நிரப்பி, இரும்புக் கூண்டை இறக்கி, அடியிலிருந்து கான்கிரீட் ஊற்றிக்கொண்டே வர வேண்டும். நடுவில் நிறுத்தினால் ஒட்டாது. ராத்திரி இரண்டு மணிக்கு உங்கள் ஜன்னலுக்கு வெளியே மிக்ஸர் லாரி உறுமும் ரகசியம் அதுதான். கான்கிரீட்டின் பலத்தை 28ஆம் நாள் சோதித்துப் பார்ப்பது வழக்கம். அதற்குள் ஊருக்கு வெளியே ஒரு யார்டில் பாலத்தின் துண்டுகளை வார்த்து, எண் எழுதி, அடுக்கி வைக்கிறார்கள். போதுமான தூண்கள் வரிசையாக ரெடியானால்தான் லாஞ்சிங் கர்டர் என்ற ராட்சத இயந்திரத்தை மேலே ஏற்ற முடியும். அது துண்டு துண்டாகத் தூக்கி, ஈப்பாக்ஸி பசை தடவிச் சேர்த்து, உள்ளே கம்பி வடங்களை இழுத்து முறுக்கி, ஒரே உடம்பாக்கும்.

நடுவில் ஒரே ஒரு தூணுக்கு நிலம் கிடைக்கவில்லை என்று வையுங்கள். மொத்தப் படையும் அங்கே போய் நிற்கும். தனியாக நிற்கும் தூணைப் பார்த்தால் திட்டுவதற்கு முன் அடுத்த தூண் எங்கே என்று தேடுங்கள்.

கேள்வி: எங்கள் அவிநாசி ரோடு மேம்பாலத்தைப் பார்த்தீர்களா? சென்னைக்காரர்களுக்குப் பொறாமையா? – மில் அதிபர், கோவை

ஆமாம். உப்பிலிபாளையம் முதல் கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர்; 2020 டிசம்பரில் ஆரம்பித்து 2025 அக்டோபரில் திறந்துவிட்டார்கள். ஜி.டி. நாயுடு பெயர் வைத்தது கூடுதல் பொருத்தம். ஆனால் அந்த ஐந்து வருஷம் பீளமேட்டில் கடை வைத்திருந்தவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எழுதுங்கள். இன்னொன்று, மேலே சர்ரென்று போய்விடலாம் சரி, மேம்பாலம் எங்கே இறங்குகிறதோ நெரிசலும் அங்கே இறங்கும். கோல்டுவின்ஸைத் தாண்டி என்ன நடக்கிறது என்று ஆறு மாதம் கழித்து எழுதினால் பிரசுரிக்கிறேன், பொறாமையில்லாமல்.

கேள்வி: வண்டலூர் – மீஞ்சூர் அவுட்டர் ரிங் ரோடு காலியாகத்தானே கிடக்கிறது? நீங்கள் சொன்னபடி நிரம்பவில்லையே! – லாரி உரிமையாளர், நெமிலிச்சேரி

மடக்கிவிட்டதாக நினைக்காதீர்கள். 62 கிலோமீட்டர் சாலை; உங்கள் நெமிலிச்சேரி வரை 2014ல் திறந்தார்கள், மீஞ்சூர் வரை 2021ல். ஏழு வருஷம் அது பாதியில் நின்ற வளையம். பாதி வளையத்தில் சுற்றிப் போக முடியுமா? இப்போதுதான் சரக்கு வண்டிகள் வழி பழகுகின்றன. இரண்டு பக்கமும் வரும் அடுக்குமாடி விளம்பரங்களை எண்ணிக்கொண்டே ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். இதற்குள் எண்ணூர் துறைமுகத்திலிருந்து மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரி வரை 133 கிலோமீட்டருக்கு அடுத்த வளையம் உருவாகிறது. பைபாஸ், அதற்கு வெளியே அவுட்டர், அதற்கும் வெளியே இது. ஊர் துரத்துகிறது, சாலை ஓடுகிறது.

கேள்வி: சேலம் எட்டு வழிச்சாலை என்ன ஆயிற்று? – விவசாயி, செங்கம்

277 கிலோமீட்டர், 2018ல் கிளம்பியது. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் நிலம் எடுக்கும் அறிவிப்பை ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அறிவிப்பு செல்லும் என்றது. எட்டு வழியிலும் வண்டி ஓடவில்லை. இரண்டு கோர்ட்டில் ஓடியது. உங்கள் கிணறும் தென்னையும் நலம்தானே?

கேள்வி: சிங்கப்பூரில் இந்த அவஸ்தையெல்லாம் இல்லை. வந்து பாருங்கள்! – ஒரு தமிழர், தேக்கா

2013 டிசம்பர் 29ஆம் தேதி உங்கள் ஊரில் மரீனா கரையோர விரைவுச்சாலை திறந்தது நினைவிருக்கிறதா? ஐந்து கிலோமீட்டர், பெரும்பகுதி சுரங்கம், அதிலும் ஒரு துண்டு கடலுக்கு அடியில். அது ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் காலை ஆபீஸ் கிளம்பியவர்கள் புத்தம்புதுச் சுரங்கத்துக்குள் மாட்டிக்கொண்டு விழித்தார்கள். சாலையில் குறையில்லை. வெளியே வந்து சேரும் தெருக்களும் சிக்னல்களும் தாங்கவில்லை.

ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். சிக்னல் நேரத்தை உடனே மாற்றினார்கள், வழியையும் சரிசெய்தார்கள். அதைவிட முக்கியம், புதுச் சாலையை மட்டும் நம்பி உட்காரவில்லை. நகரின் நடுப்பகுதிக்குள் நுழையக் கட்டணம் 1975லேயே வைத்தீர்கள்; 1998ல் அதை எலக்ட்ரானிக் ஆக்கினீர்கள்; கார் வாங்கும் உரிமைக்கே 1990 முதல் ஏலம். இங்கே அந்த ஏலத்தைப் பற்றிப் பேசினால் பேசியவரை ஏலம் விட்டுவிடுவார்கள்.

கேள்வி: அமெரிக்காவில் ‘பார்க்வே’ என்று மரங்களுக்கு நடுவே சாலை போடுகிறார்களே, நம்மால் முடியாதா? – மகளைப் பார்க்கப் போய்வந்த தாய், திருச்சி

அம்மா, ப்ளூ ரிட்ஜ் பார்க்வேயில் உங்கள் மகள் கூட்டிப்போயிருப்பார். வர்ஜீனியாவுக்கும் வட கரோலினாவுக்கும் நடுவே மலைமேல் 755 கிலோமீட்டர். லாரிக்கு அனுமதி இல்லை, விளம்பரப் பலகை இல்லை. ஆரம்பித்தது 1935, கடைசித் துண்டு திறந்தது 1987. கணக்குப் போட்டுப் பாருங்கள், 52 வருஷம்! மதுரவாயல்காரர் இதைப் படித்து ஆறுதல் அடையட்டும்.

ஆனால் அந்தக் கடைசித் துண்டின் கதை வேறு. கிராண்ட்ஃபாதர் மலையை வெட்டிக் குடையக் கூடாது என்று மலையின் சொந்தக்காரர் முரண்டு பிடித்தார். முடிவில் மலையைத் தொடாமல், பாறைகளை ஒட்டி வளைந்து போகும் பாலம் ஒன்றைக் கட்டினார்கள். 153 கான்கிரீட் துண்டுகள். கட்டி முடித்த பாலத்தின் நுனியிலேயே நின்றுகொண்டு அடுத்த துண்டைப் பூட்டிப் பூட்டி முன்னேறினார்கள். கீழே மரம் மட்டை நசுங்கவில்லை. தாமதமானாலும் அங்கே ஒரு மலை மிஞ்சியது. நம் தாமதத்தில் கூவத்தில் என்ன மிஞ்சியது என்றுதான் நான் கேட்கிறேன்.

கேள்வி: சாலையை மூடினால் நெரிசல் குறையும் என்று எங்கள் பேராசிரியர் சொல்கிறார். நம்பலாமா? – பொறியியல் மாணவி, கிண்டி

நம்பலாம், தேர்வில் மார்க்கும் வாங்கலாம். 1968ல் டீட்ரிச் பிரெஸ் என்ற ஜெர்மன் கணித அறிஞர் தாளிலேயே நிரூபித்துவிட்டார்: ஒவ்வொருவரும் தனக்குக் குறுக்கு வழி எது என்று பார்த்து ஓடினால், புதிதாக ஒரு சாலையைச் சேர்ப்பதாலேயே எல்லோருக்கும் நேரம் அதிகமாகலாம். அப்படியானால் எடுத்துவிட்டால் குறையவும் செய்யலாம். எல்லா ஊரிலும் எல்லாச் சாலைக்கும் இது பொருந்தாது. உங்கள் பேராசிரியர் இதையும் சொல்லியிருப்பார்.

சியோல் நகரில் சியோங்கேசியோன் ஓடையை மூடி, மேலே உயர்மட்டச் சாலை கட்டியிருந்தார்கள். 2003ல் அதை இடிக்க ஆரம்பித்து 2005ல் ஓடையைத் திறந்துவிட்டார்கள். ஊர் ஸ்தம்பித்துவிடும் என்று பயந்தார்கள், ஸ்தம்பிக்கவில்லை. பஸ்ஸைப் பலப்படுத்தியதும் அதற்கு ஒரு காரணம். அவர்கள் பாலத்தை எடுத்து ஓடையை மீட்ட சில ஆண்டுகளிலேயே, நாம் கூவத்தில் தூண் நட ஆரம்பித்தோம். துறைமுகத்துக்குச் சாலை தேவை, மறுக்கவில்லை. ஆற்றையும் காக்கும் வழியை எஞ்சினியரிடம் கேட்டிருக்கலாம்.

கேள்வி: வண்டிக்காரர்களைப் பற்றியே எழுதுகிறீர்கள். எனக்கு எழுபத்திரண்டு வயது. எதிர்ப்பக்கம் உள்ள மருந்துக் கடைக்குப் போக, தடுப்பைச் சுற்றி எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் தெரியுமா? – ஒரு பாட்டி, வடபழனி

பாட்டி, இந்த இதழிலேயே முக்கியமான கேள்வி உங்களுடையது. கடைசிக்குப் பக்கத்தில் வைத்ததற்கு நீங்கள் கோபிக்கலாம்.

சாலைப் பணி தொடங்கும்போது வண்டிகளுக்கு மாற்று வழி போட்டுப் பத்திரிகையில் வரைபடம் வரும். ‘இடப்புறம் திரும்பி, வலப்புறம் சென்று’ என்று பத்தி பத்தியாக எழுதுவார்கள். நடப்பவருக்கு ஒரு வரி இருக்காது. முதலில் பலியாவது நடைபாதை. குறுகிய சாலையை அகலமாக்க அதைத்தான் உடைப்பார்கள். சாலைக்குக் குறுக்கே பத்து நிமிஷ வேலை, தகரத்தைச் சுற்றி, யூ-டர்ன் வரை நடந்து, கட்டடக் கம்பியைத் தாண்டி, திரும்பி வருவதற்குள் இன்னொரு மாத்திரை போட வேண்டியதாகிவிடும். கார்காரருக்குச் சுற்றுவழி என்றால் பெட்ரோல், உங்களுக்கு முழங்கால்.

நான் மேலே சொன்ன அதே எஸ்.பி. 55 வழிகாட்டியில் நடப்பவர்களின் பாதுகாப்புக்கும் இடம் இருக்கிறது. தடுப்புக்கு நடுவே குறிப்பிட்ட தூரத்துக்கு ஒரு வாசல், அதில் கொடியோடு ஒரு ஆள், ராத்திரியில் ஒரு விளக்கு – கேட்பதற்கு இவ்வளவுதான். வார்டு கவுன்சிலரிடம் மனு கொடுங்கள். தனியாகப் போகாமல் தெருவில் உள்ள நாலு பாட்டிகளைச் சேர்த்துக்கொண்டு, நடந்தே போங்கள். அவர் ஆபீஸ் எதிர்ப்பக்கம் இருந்தால் ரொம்ப நல்லது.

கேள்வி: பிளாஸ்டிக் கலந்து சாலை போடுவது நிஜமா, ரீலா? – ஒன்பதாம் வகுப்பு மாணவன், மதுரை

உன் ஊர்ச் சரக்கு தம்பி! தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன் கண்டுபிடித்தது. 2018ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். பொடியாக நறுக்கிய பிளாஸ்டிக்கைச் சூடான ஜல்லிமேல் தூவினால் உருகி மெல்லிய உறையாகப் படியும். அதன் மேல் தாரைக் கலந்தால் பிடிப்பு அதிகம், தண்ணீர் உள்ளே நுழைவது குறைவு. 2002லேயே சென்னையில் ஜம்புலிங்கம் தெருவில் போட்டுப் பார்த்தார்கள். ஆனால் எவ்வளவு நல்ல சாலையையும் மறுவாரம் வெட்டுவதைத் தடுக்கும் பொருள் எதையும் இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. கெமிஸ்ட்ரியை நன்றாகப் படி.

கேள்வி: வேலை முடிந்ததும் இந்தத் தகரத் தடுப்புகளையெல்லாம் என்ன செய்வார்கள்? – அதே மாணவனின் தங்கை

பெயின்ட் அடித்து அடுத்த தெருவுக்கு அனுப்புவார்கள், கண்ணு.